குன்றக்குடி வெடிக்காது, சினாபுங் வெடிக்கும்: எரிமலை பற்றி ஓர் எளிய விளக்கம்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் எரிமலைப் பாடம் நடக்கும்போது பிள்ளைகளுக்கு இயல்பாக எழும் சந்தேகம் ஒன்று உண்டு. குன்றக்குடி மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா? நல்ல சந்தேகம். வயலும் கண்மாயும் பொட்டலுமாகக் கிடக்கும் சமதரையில் அந்தக் குன்று மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. பிள்ளையார்பட்டியிலும் அப்படித்தான், திருமயத்தில் கோட்டையைத் தாங்கும் பாறையும் அப்படித்தான். அதோடு நம் ஊர் மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் செம்புராங்கல் வருகிறது. சுட்டெடுத்ததுபோலச் சிவந்து, உள்ளெல்லாம் துளை துளையாக இருக்கும் கல் அது. துளையுள்ள கல் எரிமலையில் பிறக்கும் என்று எங்கோ படித்த பிள்ளை, இரண்டையும் சேர்த்துப் பார்த்து அப்படிக் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு.

ஆனால் பதில், இல்லை என்பதுதான். செம்புராங்கல்லைச் செய்தது நெருப்பு அல்ல, மழை. வெப்ப நாடுகளில் மழைக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறி மிக நீண்ட காலம் பாறையை அரித்தால், நீரில் கரையக்கூடிய பொருள்கள் எல்லாம் கரைந்து போய்விடும். மணலின் மூலப்பொருளான சிலிக்காகூடப் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும். அவை இறுகிச் செம்புராங்கல் ஆகின்றன. இடையில் இருந்த மென்மையான களிமண் கழுவுண்டு போன இடங்கள்தாம் அந்தத் துளைகள். எரிமலைக் கல்லின் துளைகள் வேறு வகை. அவை வாயுக் குமிழ்கள் இருந்த இடங்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எரிமலையின் மொத்தக் கதையும் அந்தக் குமிழ்களுக்குள்தான் இருக்கிறது.

குன்றுகளின் கதையை அறிய நீங்கள் மலை ஏற வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் உங்கள் ஊர்க் கோயிலில் உள்ள ஒரு கல்தூணையோ பழைய ஆட்டுக்கல்லையோ உற்றுப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக மணிமணியான பரல்கள் தெரியும். சில, கோணத்தை மாற்றினால் மினுக்கும். இவ்வளவு பெரிய பரல்கள் வளர வேண்டுமானால் பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆற வேண்டும். பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே கிடக்கும் பாறைகள் வெப்பத்தைப் போகவிடாமல் மூடியிருக்க, லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஆறினால்தான் அப்படி ஆகும். நம் கருங்கல் வகைகள் அப்படி ஆழத்தில் உருவானவை, அல்லது ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. மேலே இருந்ததெல்லாம் காற்றிலும் மழையிலும் அரித்துப்போன பிறகு, அரிக்க முடியாத கெட்டிப் பாறை மட்டும் குன்றாக நின்றுவிட்டது. குன்றக்குடி எதையும் கக்கியதில்லை. சுற்றியிருந்த நிலம்தான் இறங்கிப்போனது.

அப்படியானால் எரிமலைக்கு என்ன வேண்டும்? முதலில் உருகிய பாறை வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பெரும்பாலோரின் மனச்சித்திரம் தவறிப்போகிறது.

நம் காலுக்குக் கீழே கொஞ்ச ஆழத்தில் நெருப்புக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கிறது, மேலோட்டில் எங்கு ஓட்டை விழுந்தாலும் அது பீய்ச்சி அடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. தண்ணீருக்காக நாம் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அது 300 மீட்டரைச் சற்றே தாண்டும். மனிதர் துளைத்ததிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 12,262 மீட்டர். அதன் அடியில் வெப்பம் சுமார் 180 டிகிரி செல்சியஸ். அந்த ஆழத்திலும் வெறும் பாறைதான். நாம் நிற்கும் கண்டத்தின் மேலோடு ஏறக்குறைய 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது கவசம் என்னும் அடுக்கு. அந்தக் கவசமும் திடப் பாறைதான். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக இருந்தும் திடமாகவே இருக்கிறது.

இதை யார் இறங்கிப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். நிலநடுக்கம் சொல்லிக் கொடுத்தது. நிலநடுக்க அலைகளில் ஒருவகை பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே செல்லும். திடப்பொருளுக்குள் மட்டுமே அது போக முடியும், திரவத்தில் நின்றுவிடும். அந்த அலைகள் கவசத்தின் வழியாகத் தடையில்லாமல் சென்று தொலைதூரத்துக் கருவிகளில் பதிவாகின்றன. 2,900 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான், இரும்பும் நிக்கலும் உருகிக் கிடக்கும் வெளிக்கருவில் நின்றுபோகின்றன. ஆக, எரிமலைக்கு வரும் குழம்பு பூமியின் நடுவிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் மேற்பரப்புக்குக் கீழே நூறு கிலோமீட்டர் அளவு ஆழத்திலோ அதற்கும் குறைவாகவோ, சில இடங்களில் மட்டும், கவசப் பாறையின் ஒரு சிறு பங்கு உருகுவதால் பிறக்கிறது.

அத்தனை சூட்டிலும் உருகாமல் அதைப் பிடித்து வைத்திருப்பது அழுத்தம். மேலே இருக்கும் பாறையின் எடை, அணுக்களை விலகவிடாமல் நெருக்கி வைத்திருக்கிறது. எனவே பாறையை உருக்க அதை மேலும் சூடாக்க வேண்டும் என்பதில்லை. அழுத்தத்தைக் குறைத்தாலே போதும். பூமியின் மேற்புறம் புவித்தட்டுகள் என்னும் பெரிய பாறைத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. பெருங்கடல்களின் நடுவே இரண்டு தட்டுகள் விலகும் இடங்களில் கவசப் பாறை மெதுவாக மேலே எழுகிறது. எழ எழ அதன்மீது இருக்கும் சுமை குறைகிறது. வெப்பமோ பெரிதாகக் குறைவதில்லை. ஒரு கட்டத்தில் அது உருகத் தொடங்குகிறது. ஐஸ்லாந்து அப்படி உருவான நிலம். ஹவாய்த் தீவுகளில் தட்டின் ஓரம் இல்லை, ஆனால் கீழிருந்து சூடான பாறை தூண்போல எழுந்து வருவதால் அங்கும் இதே வகையில் உருகுகிறது.

இன்னொரு வழி தண்ணீர். எனக்கு இந்தத் துறையிலேயே பெரும் வியப்பைத் தருவது இதுதான். சூடான பாறைக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அது உருகும் வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடும். நெருப்பை அணைப்பதாக நாம் நம்பும் தண்ணீர்தான், உலகத்தின் மிக ஆபத்தான எரிமலைகளுக்குக் காரணம். கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டின் அடியில் சரிந்து இறங்கும்போது, தன் கனிமங்களில் பிணைந்திருக்கும் நீரையும் கூடவே கொண்டுபோகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பிழியப்பட்டு மேலே உள்ள சூடான கவசத்துக்குள் ஏறுகிறது. பாறை உருகுகிறது. இறங்கும் தட்டுக்கு இணையாக, மேலே வரிசையாக எரிமலைகள் முளைக்கின்றன.

இந்த வரிசைகளில் ஒன்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு அந்நியமானது அல்ல. கொண்டுவிற்கப் போன நம் முன்னோர் வங்கக் கடலைத் தாண்டி இறங்கிய கரைகளைப் படத்தில் பாருங்கள். மத்திய பர்மாவில் போப்பா மலை இருக்கிறது, அது ஓர் எரிமலை. அதன் தெற்கே அந்தமான் கடலில் நார்கொண்டம் தீவும் பாரன் தீவும். அதற்கும் தெற்கே சுமத்ராவும் ஜாவாவும். நகரத்தார் லேவாதேவி நடத்திய மேடான் நகரம் சுமத்ராவின் வடபகுதியில் இருக்கிறது. அதன் தென்மேற்கே கரோ மேட்டுநிலத்தில் சினாபுங் எரிமலை நிற்கிறது. ஆனால் அதே நகரத்தார் போய்த் தங்கிய பினாங்கிலும் கிள்ளானிலும் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. மலாயா தீபகற்பம் அந்த வரிசைக்குப் பின்னால் தள்ளி இருப்பதுதான் காரணம்.

சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் அடியில் இறங்கிக்கொண்டிருக்கும் தட்டு எது தெரியுமா? காரைக்குடியையும் தேவகோட்டையையும் சுமந்துகொண்டிருக்கும் நம் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டுதான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து, கிழக்கோரத்தில் அந்தத் தீவுகளுக்குக் கீழே நுழைகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தைச் சூறையாடிய ஆழிப்பேரலையைக் கிளப்பியதும் அதே ஓரத்தில் ஏற்பட்ட பிளவுதான். நாம் தட்டின் உட்பகுதியில், ஓரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, குளிர்ந்து தடித்த பழைய பாறையின்மீது உட்கார்ந்திருக்கிறோம். இங்கே அழுத்தம் குறைய வழியில்லை, ஆழத்துக்குத் தண்ணீர் போகவும் வழியில்லை. செட்டிநாட்டில் எரிமலை இல்லாததன் காரணம் இவ்வளவுதான்.

சரி, பாறை உருகிவிட்டது. அடுத்தது என்ன? உருகிய குழம்பு சுற்றியுள்ள திடப் பாறையைவிட எடை குறைந்தது. அதனால் விரிசல்களில் புகுந்து மேலே ஏறும். போகிற வழியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி, ஆண்டுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். அந்தத் தேக்கத்தில் சில கனிமங்கள் படிகமாகி அடியில் தங்கிவிட, மிஞ்சிய குழம்பின் கலவை மாறுகிறது. சிலிக்காவின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. குழம்பில் கரைந்திருக்கும் நீரும் கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் செறிவாகின்றன.

இந்த இரண்டும்தான், அதாவது சிலிக்காவும் வாயுவும்தான், எரிமலை எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சூடு அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நெருப்பு அதிகம் என்றால் ஆபத்து அதிகம் என்ற எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஆழத்தில் அழுத்தம் மிகுதியாக இருக்கும்போது நீராவி குழம்புக்குள் கரைந்தே கிடக்கும், தனியாகத் தெரியாது. குழம்பின் எடையில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு வரைகூட நீர் கரைந்திருக்கலாம். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் குழம்பு மேலே ஏறி அழுத்தம் குறைந்ததும் அந்த நீர் ஆவியாகப் பிரிந்து குமிழாகிறது. பூமிக்கு மேலே வந்து சேரும்போது அது ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்துவிடும். இப்போது அந்தக் குமிழ்கள் வெளியேற வேண்டும். வெளியேற முடியுமா என்பது குழம்பு எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தது.

அடுப்பில் ரசம் கொதிப்பதையும் ஆடிக்கூழ் கொதிப்பதையும் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ரசத்தில் குமிழ் சலசலவென்று வந்து உடைந்து போகும், யாருக்கும் தீங்கில்லை. கூழ் இறுகி வரும்போது குமிழ் மேலே வர முடியாமல் அடியிலேயே ஊதும். ஊதி, மேல்பரப்பைத் தூக்கி, தொப்பென்று வெடித்துக் கையில் தெறிக்கும். கிண்டுகிறவர் சற்றுத் தள்ளி நின்று நீளமான கரண்டியைப் பிடிப்பது அதனால்தான். கூழ் ரசத்தைவிடச் சூடானது அல்ல. வெறுமனே கெட்டியானது.

பாறைக்குழம்பைக் கெட்டியாக்குவது சிலிக்கா. சிலிக்கானும் ஆக்சிஜனும் குழம்புக்குள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகப் பின்னிக்கொள்கின்றன. சங்கிலி கூடக் கூட ஓட்டம் தடைபடும். சிலிக்கா பாதியளவு உள்ள பசால்ட் குழம்பு 1,100 முதல் 1,200 டிகிரி சூட்டில் வெளியே வந்து ஆறுபோல ஓடும். சிலிக்கா 70 விழுக்காட்டைத் தாண்டிய ரயோலைட் குழம்பின் சூடு பெரும்பாலும் 700 முதல் 850 டிகிரிதான். ஆனாலும் நகரவே மறுக்கும். சூடு குறைந்ததுதான் கொடியது. குமிழ்கள் அதற்குள் சிக்கி நெருக்கிக்கொண்டு, குழம்பின் கொள்ளளவில் முக்கால் பங்கு அளவுக்குப் பெருகும்போது, இடையில் இருக்கும் மெல்லிய சுவர்கள் தாங்காமல் மொத்தமும் ஒரே கணத்தில் நொறுங்குகிறது. குழம்பு இனிக் குழம்பாக இல்லை. கோடானுகோடித் துகள்களும் வாயுவும் கலந்த புயலாகி, ஒலியின் வேகத்தையும் மிஞ்சி வாயிலிருந்து கிளம்புகிறது. எரிமலை வெடிப்பு என்பது அந்தக் கணம்தான்.

அந்தத் துகள்தான் எரிமலைச் சாம்பல். எதுவும் அங்கே எரியவில்லை. விறகுச் சாம்பல்போல அது தண்ணீரில் குழையவும் செய்யாது, ஏனென்றால் அது பொடியான பாறையும் கண்ணாடியும். கையில் தேய்த்தால் கீறும். நொறுங்காமல் நுரையாகவே உறைந்துபோன துண்டுகள் நுரைக்கல். அதன் உடம்பு முழுக்கக் குமிழ்த் துளைகள். அதனால் தண்ணீரில் மிதக்கும். 1883-இல் கிரகடோவா வெடித்தபோது கடலில் விழுந்த நுரைக்கல் திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போய் ஒதுங்கியது.

ஓடும் வகைக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஹவாயின் கிலாவேயா. 2018-இல் அதன் குழம்பு ஏறத்தாழ 700 வீடுகளை மூடியது. ஆனால் ஆட்கள் நடந்து விலகிவிட முடிந்தது. குழம்பு ஓடிப் பரவி அடுக்கடுக்காக உறைவதால் இத்தகைய எரிமலைகள் அகலமாக, தாழ்ந்த சரிவோடு இருக்கும். கெட்டிக் குழம்பு எரிமலைகளோ செங்குத்தாக, கூம்பாக உயர்பவை. சாம்பலும் குழம்பும் மாறி மாறி வாயருகிலேயே குவிவதால் அந்த வடிவம். படங்களில் அழகாகத் தெரியும் எரிமலைகள் பெரும்பாலும் ஆபத்தான வகையைச் சேர்ந்தவை.

இந்தியாவிலும் ஓடும் வகை ஒரு காலத்தில் பெருக்கெடுத்தது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் நிலம் நீள நீளமாகப் பிளந்து, கூம்பு மலை எதுவும் இல்லாமலே பசால்ட் குழம்பு அலை அலையாக வெளியே வந்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர், சில இடங்களில் இரண்டு கிலோமீட்டர் தடிமன். தக்காணப் பீடபூமியின் வடமேற்குப் பகுதி அதுதான். எல்லோராவும் அஜந்தாவும் அந்தக் குழம்புப் பாறையில் குடையப்பட்டவை. அதன் பரல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை, வெளியில் வந்து விரைவாக ஆறியதால். பிள்ளையார்பட்டியின் குடைவரை ஆழத்துப் பாறையில் குடையப்பட்டது, எல்லோராவின் கைலாசநாதர் எரிமலைப் பாறையில். இரண்டையும் நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், சிற்பத்தோடு கல்லையும் பாருங்கள். உளிக்கு முன்பே அந்தக் கல்லுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது.

எரிமலையில் உயிரை வாங்குவது ஓடிவரும் குழம்பு என்பதும் திருத்திக்கொள்ள வேண்டிய எண்ணம். அது பெரும்பாலும் மெதுவாகத்தான் வருகிறது. கொல்வது வேறு. சாம்பலும் கல்லும் கொதிக்கும் வாயுவும் சேர்ந்த மேகம் மேலே எழ முடியாமல் கனத்து, மலைச்சரிவில் உருண்டு இறங்குவது உண்டு. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகம், பல நூறு டிகிரி சூடு. ஓடித் தப்ப முடியாது. கரீபியன் கடலில் மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலை 1902 மே 8 காலையில் இப்படி ஒரு மேகத்தை இறக்கியது. செயின்ட் பியேர் நகரமும் அதிலிருந்த சுமார் 28,000 பேரும் சில நிமிடங்களில் அழிந்தார்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் பொம்பெய் நகரத்துக்குச் செய்ததும் இதே வகைதான்.

சேற்றுப் பெருக்கு இன்னும் வஞ்சகமானது. கொலம்பியாவில் நெவாடோ டெல் ருயிஸ் பனி மூடிய எரிமலை. 1985 நவம்பர் 13 இரவில் அது வெடித்தது, அப்படியொன்றும் பெரிய வெடிப்பு அல்ல. ஆனால் சூடான சாம்பல் உச்சிப் பனியை உருக்கியது. உருகிய நீர் சாம்பலையும் மண்ணையும் பாறைகளையும் வாரிக்கொண்டு ஆற்றுவழியே இறங்கி, இரண்டரை மணி நேரம் கழித்து அர்மேரோ என்ற ஊரை மூடியது. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். அந்த ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் சில வாரங்களுக்கு முன்பே தயாராகியிருந்தது. வெடிப்புக்கும் சேறு வந்து சேர்ந்ததற்கும் இடையில் மேட்டில் ஏற நேரமும் இருந்தது. எச்சரிக்கை மட்டும் மக்களிடம் போய்ச் சேரவில்லை. இதை எழுதும்போதும் மனம் பதறுகிறது.

சாம்பல் விழுந்தால் என்ன, பெருக்கித் தள்ளிவிடலாமே என்று தோன்றலாம். மழையில் நனைந்த சாம்பல் பத்து சென்டிமீட்டர் தேங்கினாலே ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை ஏறிவிடும். நம் வளவு வீடுகளின் நாட்டு ஓட்டுக் கூரை எதுவும் அதற்காகப் போட்டதல்ல. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூன் 15 அன்று வெடித்தபோது அதே நாளில் ஒரு சூறாவளியும் கடந்து சென்றது. அந்த வெடிப்பில் இறந்தவர்களில் பலர் ஈரச் சாம்பலின் சுமையால் இடிந்த கூரைகளுக்குக் கீழே இறந்தவர்கள். வானத்திலும் சாம்பல் எமன்தான். 1982 ஜூன் 24 இரவில் கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றன. சாம்பலின் கண்ணாடித் துகள் எஞ்சினின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டதே காரணம். மேகத்தைவிட்டுக் கீழே இறங்கிய பிறகு எஞ்சின்கள் மீண்டும் ஓடத் தொடங்க, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை, நமக்கென்ன என்று சொல்லிவிட முடியாது. கிரகடோவா ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே சுண்டா நீரிணையில் இருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27 காலையில் அது வெடித்த ஓசை, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கமாகக் கேட்டது. இறந்த 36,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது அது எழுப்பிய ஆழிப்பேரலை. அந்த அலைகளின் சிறு மிச்சம் நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களின் கடல்மட்ட அளவிகளிலும் பதிவானது. அடுத்த மாதம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. உயரத்தில் பரவிய நுண்துகள்கள் ஒளியைச் சிதறடித்ததன் விளைவு அது. ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போய்வந்துகொண்டிருந்த செட்டிநாட்டார் அந்தச் சூரியனைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்களோ! எந்த வீட்டுப் பெட்டகத்திலாவது அதைப் பற்றி ஒரு வரி எழுதிய கடிதம் கிடைத்தால் அது பொக்கிஷம்.

அதைவிடப் பெரியது தோபா. மேடானுக்குத் தெற்கே இன்று நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு அமைதியாகக் கிடக்கும் ஏரி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஓர் எரிமலையின் குழிந்த வாய். அடியில் இருந்த குழம்பு பெருமளவு வெளியேறியதும், தாங்க எதுவும் இல்லாமல் மேல்நிலம் உள்ளே இறங்கிவிட்டது. அந்தச் சாம்பல் 2,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஆந்திரத்தின் பழைய கர்நூல் மாவட்டப் பகுதியில் ஜ்வாலாபுரம் என்ற ஊரில் கனத்த படிவாகக் கிடக்கிறது. அந்தப் படிவுக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

தூரத்தில் இருப்பவர்களை எட்டுவது சாம்பலைவிட கந்தகம். கந்தக டைஆக்சைடு மழைமேகங்களுக்கு மேலே போய்விட்டால் நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஓரிரு ஆண்டுகள் அங்கேயே நின்று சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்தோனேசியாவின் தம்போரா 1815 ஏப்ரலில் வெடித்த பிறகு, 1816-இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைக்காலமே வராமல் பயிர்கள் அழிந்தன. இந்தியாவில் பருவமழை தடுமாறியது. பினாட்டுபோவுக்குப் பிறகு உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது.

எரிமலைகளைச் செயல்படுபவை, உறங்குபவை, செயலிழந்தவை என்று மூன்றாகப் பிரித்துப் பாடப்புத்தகம் சொல்லும். தேர்வுக்கு அது போதும், உயிருக்குப் போதாது. சினாபுங் சுமார் 400 ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. அதன் சரிவில் தோட்டங்களும் ஊர்களும் வளர்ந்தன. எரிமலை மண் வளமானது, யார்தான் விடுவார்கள்? 2010 ஆகஸ்ட் கடைசியில் விழித்துக்கொண்டது. 2013-இலிருந்து ஆண்டுக்கணக்கில் பொங்கியது. 2014 பிப்ரவரியில் இறங்கிய சூட்டு மேகம் ஒன்று பத்துப் பேருக்கு மேல் கொன்றது. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டே போக நேர்ந்தது. நானூறு ஆண்டு நமக்குப் பல தலைமுறை. அடியில் குழம்பு நிரம்பும் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. நம் நாட்டின் பாரன் தீவும் 1832-க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்து 1991-இல் மீண்டும் எழுந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் இருக்கும் அந்தத் தீவில் நல்ல வேளையாக மக்கள் யாரும் இல்லை.

விழிப்பதற்கு முன் எரிமலை அறிகுறி காட்டும். குழம்பு விரிசல்களைப் பிளந்து ஏறுவதால் சிறு சிறு நிலநடுக்கங்கள் கூட்டமாக வரும். அடியில் நிரம்ப நிரம்ப மலையின் உடம்பு சில சென்டிமீட்டர் உப்பும். நிலத்தில் பதித்த கருவிகளும் செயற்கைக்கோள்களும் அதை அளக்கின்றன. எல்லாவற்றிலும் என்னைக் கவர்வது வாயு. குழம்புக்கு முன்னால் மேலே வந்து சேரும் தூதன் அதுதான்.

பினாட்டுபோவில் அது எப்படிப் பேசியது என்று பாருங்கள். சுமார் 500 ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு 1991 ஏப்ரலில் அங்கே நீராவி வெடிப்புகள் தொடங்கின. பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் கருவிகளோடு போய் அமர்ந்தார்கள். மே 13 அன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 டன்னாக இருந்த கந்தக டைஆக்சைடு, மே 28 அன்று 5,000 டன்னாக உயர்ந்தது. குழம்பு மேலே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பிறகு ஜூன் தொடக்கத்தில் திடீரென்று 300 டன்னுக்கும் கீழே விழுந்தது. விவரம் அறியாதவர் ஆபத்து நீங்கியது என்று நிம்மதி அடைந்திருப்பார். ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். வாயு தீர்ந்துபோகவில்லை, ஏறிவந்த கெட்டிக் குழம்பு வழியை அடைத்துக்கொண்டது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று புரிந்துகொண்டார்கள். சுற்றுவட்டாரத்துப் பல்லாயிரக்கணக்கான மக்களையும் அருகிலிருந்த அமெரிக்க விமானத் தளத்தையும் ஜூன் 15-க்கு முன்பே காலி செய்ய வைத்தார்கள். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று நடந்தபோது மலையடிவார ஊர்களில் பெரும்பாலானவை வெறிச்சோடிக் கிடந்தன. அந்த வெளியேற்றம் குறைந்தது 5,000 உயிர்களைக் காத்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள்.